ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கைவிட்டுப் போவது ஏன்? ஜூனியர் செஸ் ஆடும் பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு பதில்

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருப்பதன் சாரம் இது. மகளுக்கு 12 வயது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் கோப்பை வாங்காமல் வீடு திரும்புவது அபூர்வம். ஆனால் 13 வயதுக்கு உட்பட்டோர் சாம்பியன்ஷிப்பில், 90 நிமிடக் கிளாக்கில் ஆடியபோது, காய் அதிகமாக இருந்தும் மூன்று ஆட்டம் தோற்றுவிட்டாள். அதில் ஒன்றின் ஸ்கோர்ஷீட்டையும், அதாவது நகர்த்தல்களை எழுதிய தாளையும், அனுப்பியிருக்கிறார். "ஓப்பனிங் போதவில்லையா? கோச்சை மாற்றணுமா? சென்னைக்கே குடிபோனால்தான் நடக்குமா?" என்பது கேள்வி.

மூன்றும் காரணமில்லை. அந்த ஸ்கோர்ஷீட்டிலேயே விடை இருக்கிறது. 30 நகர்த்தல் முடிந்தபோது பலகையில் இருந்தவை (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை): வெள்ளைக்கு, அதாவது உங்கள் மகளுக்கு, ராஜா ஜி1, யானை டி1, குதிரை இ5, சிப்பாய்கள் ஏ2, பி3, எஃப்2, ஜி2, எச்2. கருப்புக்கு ராஜா ஜி8, யானை சி8, சிப்பாய்கள் ஏ7, பி7, எஃப்7, ஜி7, எச்6. வீட்டில் பலகையை எடுத்து அடுக்கிப் பாருங்கள். சிப்பாய் இருபக்கமும் ஐந்தைந்து, அவளுக்கு ஒரு குதிரை முழுசாக அதிகம்.

31ஆவது நகர்த்தலில் யானையை டி7க்குக் கொண்டுபோனாள். பி7, எஃப்7 இரண்டு சிப்பாய்க்கும் ஒரே சமயத்தில் குறி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கருப்பு யானை சி1க்கு இறங்கி செக் சொன்னது. அவளுடைய ராஜாவுக்கு முன்னால் அவளுடைய மூன்று சிப்பாய்களே வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. குறுக்கே வைக்க ஒரே காய்தான், டி7லிருந்து டி1க்குத் திரும்பும் அதே யானை. அதை வெட்டினால் மேட். 32 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

கடைசி வரிசை மேட் அவளுக்குத் தெரியாததில்லை, செஸ் வகுப்பில் முதல் மாதத்துப் பாடம் அது. டி1ல் இருந்த யானை அந்த வரிசைக்குக் காவல் நிற்கிறது என்பதை அந்த நொடி அவள் பார்க்கவில்லை. முதலில் எச்2 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி எச்3ல் வைத்திருந்தால் ராஜா ஒதுங்க எச்2 கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு அதே யானை அதே டி7க்குப் போயிருக்கலாம்.

இப்போது கிளாக்கைப் பாருங்கள். தோற்றபோது அவளிடம் 84 நிமிடம் மிச்சம் இருந்ததாகச் சொல்கிறீர்கள். 90 நிமிடத்தோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேரும் போட்டி அது. 32 நகர்த்தலுக்கு 16 நிமிடம் சேர்ந்து மொத்தம் 106 ஆகிறது. அதில் 84 போக அவள் யோசித்தது 22 நிமிடம். நகர்த்தலுக்குச் சுமார் 40 விநாடி. ஓப்பனிங், மிடில் கேம், எதிராளியின் காயை வெட்டிய நல்ல கணக்கு, எல்லாமே இந்த 22 நிமிடத்துக்குள். கிளாசிக்கல் என்ற நீண்ட நேரப் போட்டியில் உட்கார்ந்து அவள் ரேபிட் என்ற குறுகிய நேர ஆட்டம் ஆடியிருக்கிறாள். தோல்விக்குக் காரணம் இதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கப் பிள்ளைகளுக்குச் சுலபமாகக் கிடைப்பது ஒருநாள் போட்டி. கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ 15 நிமிடம், 20 நிமிடம் என்று கிளாக் வைத்து, சாயங்காலம் பரிசு கொடுத்து முடிப்பதற்குள் 6, 7 ரவுண்டு ஓட்டிவிடுவார்கள். ரேபிட் ஆட்டத்தில் நகர்த்தலை எழுத வேண்டிய கட்டாயமும் கிடையாது. அங்கே வேகம் ஆயுதம். எதிராளிக்கும் யோசிக்க நேரமில்லாததால் முதல் மிரட்டலே பாதி ஆட்டத்தை முடித்துவைக்கும். அந்தப் போட்டிகள் தேவையில்லை என்று சொல்லவில்லை. பயமில்லாமல் ஆட அவைதான் கற்றுக்கொடுக்கின்றன. அதை மட்டுமே ஆடிய பிள்ளை நாலு மணி நேர ஆட்டத்தில் உட்காரும்போது, கை பழைய வேகத்திலேயே ஓடுகிறது. எதிரே இருக்கிற பிள்ளை 10 நிமிடம் யோசித்துப் பதில் கண்டுபிடித்துவிடுகிறது.

இன்னொரு இழுப்பும் உண்டு. காயை இழந்த பிள்ளை பெரும்பாலும் மனம் விட்டுப்போய் டக் டக்கென்று ஆட ஆரம்பிக்கும். இழக்க ஒன்றுமில்லாதவருக்கு அது நஷ்டமில்லை. ஜெயிக்கிற பிள்ளை தன்னையறியாமல் அதே வேகத்துக்குப் போய்விடுகிறது. ஜூனியர் ஆட்டங்களில் 25ஆவது நகர்த்தலிலிருந்து 45 வரைக்கும் நடக்கும் விபத்துகளில் நிறைய இப்படி வருகிறவை.

"ஆனந்த் சின்ன வயசில் மின்னல் வேகத்தில்தானே ஆடினார்" என்று இதற்கு ஒரு பதில் வரும், மயிலாடுதுறைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். விஸ்வநாதன் ஆனந்த் 1969ல் பிறந்தது அந்த ஊரில்தான். 1987ல் உலக ஜூனியர் பட்டம் வாங்கி, 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். வேகமாக ஆடினார் என்பது நிஜம். ஆனால் அவர் கண்ணுக்கு ஒரு பார்வையில் பட்டதை மற்ற பிள்ளைகள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேட நேரம் வேண்டும், அந்த நேரத்தைப் போட்டியே தருகிறது. அதைச் செலவழிக்காமல் திருப்பிக் கொடுப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

கிளாக்கைப் பங்கு போடுவது

90+30 போட்டிக்குப் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ளச் சுலபமான கணக்கு ஒன்று. முதல் 10 நகர்த்தலுக்கு 10 நிமிடம். 11லிருந்து 30 வரை 60 நிமிடம், சராசரியாக நகர்த்தலுக்கு 3 நிமிடம். அப்படிப் போனால் 30ஆவது நகர்த்தலில் கிளாக்கில் 35 நிமிடம் நிற்கும். அதற்கு மேல் நகர்த்தலுக்கு 30 விநாடி வந்துகொண்டே இருப்பதால், காய்கள் குறைந்துபோன எண்ட்கேமுக்கு அது போதும். எல்லா நகர்த்தலுக்கும் 3 நிமிடம் யோசிக்கச் சொல்லவில்லை. வெட்டினால் திரும்ப வெட்ட வேண்டிய இடத்தில் 20 விநாடி போதும், காய் மாற்றமோ தாக்குதலோ தொடங்கும் இடத்தில் 12 நிமிடம் போனாலும் தவறில்லை.

இது நடக்கிறதா என்று அறிய ஒரே வழி, ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை தன் கிளாக் நேரத்தை ஸ்கோர்ஷீட்டில் அந்த நகர்த்தலின் பக்கத்தில் எழுதுவது. கிளாக் நேரம் எழுதுவதை விதி அனுமதிக்கிறது. வேறு குறிப்பு, "நிதானம்" என்று தனக்குத்தானே ஒரு சொல் எழுதிக்கொள்வதுகூடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்களைப் பாருங்கள். 20ஆவது நகர்த்தலில் 90க்கு மேல் நிற்கிறது என்றால், பிள்ளை சேரும் 30 விநாடியைக்கூட முழுசாகச் செலவழிக்கவில்லை என்று அர்த்தம். 10 நிமிடத்துக்கும் கீழே இருந்தால் அது வேறு வியாதி. ஓப்பனிங்கிலேயே குழம்பி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நகர்த்தலின் வரிசை

எதிராளி நகர்த்திக் கிளாக்கை அழுத்தியதும் முதல் வேலை அதை எழுதுவது. முதலில் பதில் நகர்த்திவிட்டு அப்புறம் இரண்டையும் எழுத விதி இடம் கொடுக்கிறது, ஆனாலும் முதலில் எழுதுவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. பேனாவைப் பிடித்திருக்கும் கை காயைத் தொடாது. எழுதும்போதே கேட்க வேண்டியது இரண்டு: இந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது? முன்பு இருந்த இடத்தில் எதைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது எதை விட்டுவிட்டது? இரண்டாவதைக் கேட்கும் பிள்ளைகள் குறைவு. இலவசமாகக் கிடைக்கும் காய்கள் பாதி அந்தக் கேள்வியில்தான் அகப்படும்.

பிறகு தன் நகர்த்தல். இரண்டு வழியாவது யோசித்து ஒன்றைத் தேர்ந்த பின், காயைத் தொடும் முன், பலகையை எதிராளி பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்: நான் இதை வைத்த பிறகு எனக்கு என்னென்ன செக் வரும்? எந்தக் காயை வெட்டலாம்? அதற்கடுத்து என்ன மிரட்டல்? உங்கள் மகளின் 31ஆவது நகர்த்தலுக்கு முன் முதல் கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும். கருப்பு யானைக்கு அந்த நிலையில் இருக்கிற செக் ஒன்றே ஒன்று. அதைப் பார்க்க 15 விநாடி ஆகியிருக்கும்.

சில பழைய பயிற்சியாளர்கள் "முதலில் உன் நகர்த்தலை எழுது, அப்புறம் ஆடு" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒருகாலத்தில் அது செல்லும். இப்போது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி முன்கூட்டி எழுதக் கூடாது, டிரா கோரிக்கைக்கு மட்டும் விலக்கு. நடுவர் பார்த்தால் எச்சரிப்பார், மீண்டும் செய்தால் தண்டனை. யோசிக்கும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இதைவிட நல்லது.

25ஆவது நகர்த்தல் தாண்டியதும், எதிராளி யோசிக்கும் நேரத்தில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, நாலு பலகை தாண்டி நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி உட்காரும்போது பலகை புதிதாகத் தெரியும். தன் கிளாக் ஓடும்போது மட்டும் நடுவரைக் கேட்காமல் எழுந்து போகக் கூடாது.

காய் அதிகமான பிறகு

இங்கேதான் உங்கள் மகளுக்கு நிஜமான பயிற்சி வேண்டும். ஒரு காய் அதிகம் என்றதும் பிள்ளைகள் உடனே மேட் தேடப் போகிறார்கள். அது அவசரம். முதல் இரண்டு நகர்த்தல் பாதுகாப்புக்கு: ராஜாவுக்கு ஓட வழி இருக்கிறதா, காவல் இல்லாமல் எந்தக் காயாவது தொங்குகிறதா? அதற்குப் பிறகுதான் முன்னேற்றம்.

அடுத்தது காய்க்குக் காய் வெட்டி மாற்றிக்கொள்வது. அதிகம் இருப்பவர் காய்களை மாற்ற வேண்டும், சிப்பாய்களை மாற்றக் கூடாது. குறைவாக இருப்பவர் இதற்கு நேர் எதிர். மேலே உள்ள நிலையிலேயே பாருங்கள். யானைக்கு யானை மாறிவிட்டால் குதிரையும் ஐந்து சிப்பாயும் வெறும் ஐந்து சிப்பாயை எதிர்க்கும், சுலபமான வெற்றி. அதற்குப் பதிலாகச் சிப்பாய்களெல்லாம் மாறிப்போய் யானையும் குதிரையும் மட்டும் ஒரு யானைக்கு எதிரே நின்றால், சரியாக ஆடும் எதிராளியிடம் அது டிரா. குதிரை ஒன்றே மிஞ்சினால் மேட்டே செய்ய முடியாது. காய் அதிகமாக வைத்துக்கொண்டு சிப்பாயை வாரி விடுவது ஜூனியர் ஆட்டங்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய தவறு.

காய் மாற்றம் என்றால் கடைசிவரை எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டியது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம் இதற்கு எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வேண்டிய உதாரணம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2ல் வைத்து மாற்றத்துக்கு நின்றார். குகேஷ் யானையை மாற்றினார், உடனே பிஷப்பை டி5ல் வைத்து பிஷப்பையும் மாற்ற வைத்தார். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய பலகையில் அந்த ஒரு சிப்பாயே ஆட்டத்தை முடித்துவிட்டது. 58 நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். யானையும் பிஷப்பும் பலகையில் இருந்தபோது தாங்கிய நிலை, அவை போனதும் தாங்கவில்லை. உலக சாம்பியனுக்கே களைப்பில் நேர்ந்தது இது. 12 வயதுப் பிள்ளைக்கு நேராமல் இருக்க, சில எண்ட்கேம் நிலைகள் யோசிக்காமலே கைவசம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதலாவது, ராஜா சிப்பாய் ஆட்டம். சிப்பாய்க்கு முன்னால் தன் ராஜா ஆறாவது வரிசையை எட்டிவிட்டால் யார் முறையாக இருந்தாலும் வெற்றி: வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கருப்பு ராஜா இ8 என்று வைத்து இரண்டு முறையும் ஆடிப் பாருங்கள். ஏ, எச் ஓரச் சிப்பாய்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்த ஓரச் சிப்பாயோடு பிஷப் ஒன்று இருந்தாலும் பொறி உண்டு. சிப்பாய் ராணியாகும் கட்டத்தின் நிறத்தில் ஓடாத பிஷப்பாக இருந்து, எதிராளி ராஜா அந்த மூலைக்கு வந்துவிட்டால் டிரா. வெள்ளையின் எச் சிப்பாய் எச்8ல் ராணியாகும், அது கருங்கட்டம். கையில் இருப்பது வெண்கட்ட பிஷப் என்றால் மற்றக் காய்களை மாற்றும் முன்பே இதை நினைக்க வேண்டும்.

இரண்டாவது ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்த்த வழியில்லாமல் போய் ஆட்டம் டிரா ஆவது. ராணி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ராஜாவை மூலைக்குத் தள்ளும்போது, மூலையில் நிற்கும் ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைத்தால் ஸ்டேல்மேட். கருப்பு ராஜா ஏ8 என்றால் பி6, சி7 இரண்டும் ஆபத்தான கட்டங்கள். ராஜா மூலைக்கு வருவதற்கு முன்வரை அதே குதிரைத் தூரம்தான் துரத்துவதற்கு நல்ல வழி என்பதால் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் மூலையிலும் அதையே செய்துவிடுகிறார்கள்.

மூன்றாவது யானை எண்ட்கேம், எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது. ஜெயிக்கிற பக்கத்துக்கு லூசேனா நிலை. வெள்ளை ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1. கருப்பு ராஜா ஜி7, யானை சி2. வெள்ளை ராஜா சிப்பாய்க்கு வழிவிட்டு வெளியே வந்தால் பின்னாலிருந்து செக் மேல் செக் வரும். அதனால் முதலில் யானை எஃப்4. இதுதான் திறவுகோல். கருப்பு யானை சி1ல் காத்திருக்கட்டும். ராஜா இ7, யானை இ1 செக். ராஜா டி6, யானை டி1 செக். ராஜா இ6, யானை இ1 செக். ராஜா டி5, யானை டி1 செக். இப்போது எஃப்4 யானை டி4க்கு வந்து குறுக்கே நிற்கும். செக் முடிந்தது, சிப்பாய் ராணியாகும். யானை எஃப்4க்குப் பதிலாக எஃப்5லோ எஃப்3லோ நின்றால் ஏன் இதே சுலபத்தில் வராது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அதைக் கண்டுபிடித்த பிள்ளை இந்த நிலையை மறக்காது. தற்காக்கிற பக்கத்துக்கு ஃபிலிடோர் நிலை: ராஜா சிப்பாயின் வழியில், யானை தன் மூன்றாவது வரிசையில் காவல், எதிராளி சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும் யானை கடைசிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக். வெறும் இரண்டு நிலை, மாதம் ஒருமுறை இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தால் போதும்.

புள்ளியைத் தின்னும் விதிகள்

டச் மூவ், அதாவது தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதன் ஓரங்கள்தான் தெரிவதில்லை. கேஸலிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்யும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும், ஒரே கையால். யானையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் கேஸலிங் போச்சு, யானையைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளி காயைத் தொட்டுவிட்டு மாற்றினால், தான் எதையும் தொடும் முன் கிளாக்கை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். பதிலுக்கு ஒரு காயைத் தொட்டுவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும்.

சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனதும் ராணியை வைத்த பிறகுதான் கிளாக். சிப்பாயை அப்படியே விட்டு அழுத்தினால் செல்லாத நகர்த்தல். தலைகீழாக வைத்த யானை விதிப்படி யானைதான், ராணி இல்லை. பக்கத்தில் ராணி இல்லாவிட்டால் கிளாக்கை நிறுத்தி நடுவரிடம் கேட்கலாம், அதற்கு அனுமதி உண்டு. செல்லாத நகர்த்தல் முதல் தடவை என்றால் எதிராளிக்கு 2 நிமிடம், இரண்டாவது தடவை ஆட்டமே போகும். இரண்டு கையால் நகர்த்துவதும் அதே கணக்கில் சேரும்.

டிரா கேட்பது: நகர்த்திவிட்டு, கிளாக்கை அழுத்தும் முன் ஒருமுறை. எதிராளி திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரித்தால் கையைத் தூக்கினால் போதும், நடுவர் பார்த்துக்கொள்வார். ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்றால் அந்த நகர்த்தலை ஆடாமல், ஸ்கோர்ஷீட்டில் எழுதி, நடுவரை அழைத்துக் கோர வேண்டும். ஆடிவிட்டுச் சொன்னால் செல்லாது, முறை எதிராளிக்குப் போய்விட்டது. இதற்கெல்லாம் ஸ்கோர்ஷீட் சரியாக இருக்க வேண்டும். 30 விநாடி சேரும் போட்டியில் கடைசி நகர்த்தல் வரை எழுதுவது கட்டாயம், நேரம் குறைந்துவிட்டது என்று நிறுத்த முடியாது.

கூச்சப்படும் பிள்ளைகள் நடுவரைக் கூப்பிடாமல் புள்ளியை இழக்கிறார்கள். டெல்டாவின் சின்ன ஊர்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிகம். கிளாக்கை நிறுத்துவது, கையைத் தூக்குவது, "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்வது, இதை வீட்டிலேயே நாலு தடவை நடித்துப் பழக்குங்கள்.

போட்டி நாள்

கிளாசிக்கல் என்றால் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு ரவுண்டு. காலை ஆட்டம் நீண்டால் மதியத்துக்குள் ஒரு மணி நேரம்தான் இடைவெளி கிடைக்கும். முழுச் சாப்பாடும் பிரியாணியும் வேண்டாம். தயிர்சாதமோ இட்லியோ, கூட மோர். மே மாதத்தில் ஃபேன் மட்டும் ஓடும் மண்டபத்தில் பிள்ளை மூன்று மணி நேரம் உட்காரும்போது தண்ணீர் பாட்டில்தான் முக்கியம். கரண்ட் போனாலும் கிளாக் நிற்காது, அது பேட்டரியில் ஓடுவது. இருட்டில் பலகை தெரியவில்லை என்றால் உடனே நடுவரிடம் சொல்ல வேண்டும். ரோல் பலகை ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் முதல் நகர்த்தலுக்கு முன்பே சரிசெய்யக் கேளுங்கள், நடு ஆட்டத்தில் காய் சரிந்தால் தட்டிவிட்டவர் தன் கிளாக்கில்தான் அடுக்க வேண்டும்.

செல்போன் பிள்ளையின் பையில்கூட இருக்கக் கூடாது. ஹாலுக்குள் அகப்பட்டால் ஆட்டம் போகும். தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் பொறுப்பார்கள் என்பது போட்டிச் சுற்றறிக்கையில் இருக்கும், முந்தைய நாளே பாருங்கள். திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயில் உங்களுக்குப் பக்கம்தான். இறைவனே சதுரங்கம் ஆடி ஜெயித்த தலம் என்பதால் போட்டிக்கு முன் கும்பிட்டு வர ஆசை இருக்கும். முந்தைய நாள் மாலை போய் வந்துவிடுங்கள். போட்டி நாள் காலையில் அலைந்துவிட்டு வியர்வையோடு பலகைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் முடிவை மட்டும் கேளுங்கள். இரண்டு ரவுண்டுக்கு நடுவில் போனில் இன்ஜினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலைப் போட்டு "இங்கே மேட் இருந்ததே" என்று காட்டாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் அது மனதில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கோர்ஷீட்டின் நகலை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். மூலப் பிரதி போட்டி நடத்துகிறவர்களுக்குச் சொந்தம்.

வீட்டுப் பயிற்சி

நீண்ட ஆட்டத்துக்கு எதிராளி மன்னார்குடியில் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். வாரம் ஒரு ஆட்டம் 60 நிமிடம், 30 விநாடி என்று வைத்து, ஸ்கோர்ஷீட் எழுதி, கோச்சுடனோ வகுப்பில் மூத்த பிள்ளையுடனோ ஆடினால் போதும். அதைவிடப் பலன் தருவது, அவள் கைவிட்ட நிலைகளையே திரும்ப ஆடுவது. லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் பலகையை அடுக்கி, அங்கிருந்தே ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினோடு ஆடலாம், இலவசம். மேலே சொன்ன 30ஆவது நகர்த்தல் நிலையை அடுக்கி, அவளுக்கு வெள்ளை, இன்ஜினை முழு பலத்தில் வைத்து, 20 நிமிடக் கிளாக்கில் ஜெயிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் கடைசிவரை தொல்லை கொடுக்கும், மனம் விட்டுப்போய் வேகமாக ஆடாது. ஒரே நிலையை மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்த பிறகு அடுத்த நிலை. தோற்ற மூன்று ஆட்டமும் இதற்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

ஓப்பனிங்குக்கு வருவோம். ஸ்கோர்ஷீட்டில் அவள் ஆடியிருப்பது இத்தாலியன் என்ற ஓப்பனிங், நாலாவது நகர்த்தலில் குதிரை ஜி5. ஞாயிறு போட்டியில் எதிராளி டி5ல் வெட்டிய சிப்பாயைக் குதிரையால் திரும்ப வெட்டி எஃப்7ல் மாட்டிக்கொள்ளும். சாம்பியன்ஷிப் வருகிற பிள்ளைக்குக் குதிரை ஏ5 தெரிந்திருக்கும். அப்போது வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், ஆனால் கருப்புக் காய்கள் முன்னே பாயும், அதற்குப் பிறகு என்ன என்று தெரியாமல் தடுமாற்றம். நாலாவதில் டி3 வைத்து, பிறகு சி3, கேஸலிங் என்று நிதானமாகப் போகிற அமைப்பே அவளுக்கு ஏற்றது. புது ஓப்பனிங் இந்த வருடம் வேண்டாம்.

ரேட்டிங் பற்றிய கவலையையும் ஒதுக்கி வையுங்கள். ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கே எண், 18 வயது வரை 2300ஐத் தொடாதவர்களுக்கு 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், அடுத்த வெற்றியில் அதே 20 திரும்பும். ரேட்டிங் இல்லாத பிள்ளையிடம் தோற்றால் ரேட்டிங் உள்ளவருக்கு அந்த ஆட்டம் கணக்கிலேயே சேராது.

கோச் ஒரு குதிரை லாபம் வரை அவளைக் கொண்டுவந்திருக்கிறார். அவரை மாற்ற வேண்டாம். கிளாக் நேரம் எழுதிய ஸ்கோர்ஷீட்களை அவரிடம் கொடுத்து, வகுப்பில் பாதி நேரத்தை அந்த ஆட்டங்களின் 25ஆவது நகர்த்தலுக்குப் பிறகான பகுதிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். சென்னை பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். இந்த வருடம் இரண்டு மூன்று ஞாயிறு போட்டிகளைக் குறைத்து, அந்தச் செலவில் ஒரு கிளாசிக்கல் போட்டி கூடுதலாக ஆட வையுங்கள். 30ஆவது நகர்த்தலில் கிளாக் 35, 40 என்று நின்றும் அதே மாதிரி தோற்கிறாள் என்றால் அப்போது பிரச்சினை வேறு. அந்த ஸ்கோர்ஷீட்களையும் அனுப்புங்கள், பார்க்கலாம்.